உன் ஆமணக்கு வாடிப்போனதோ?

தியானப் பகுதி: யோனா 4:5-11, 2 இராஜாக்கள் 4:18-37



 இந்த இதழ் உங்கள் கைகளில் கிடைக்கும்போது முள்ளிப்பட்டில் கத்திரி வெயில் தொடங்கியிருக்கும். மே மாதம் 4 ஆம் தேதி வாக்கில் ஆரம்பித்து மாதக் கடைசி வரைக்கும் அது நம்மைப் பிழிந்து எடுக்கும். 2024 மே மாதத்தில் பக்கத்து வேலூரில் வெயில் 42 டிகிரியைத் தாண்டிப் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இந்த நாட்களில் கர்த்தர் நம் சபைக்குக் கொடுக்கிற ஒரு வார்த்தையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது பரலோக காரியமும்தான், வீட்டுக் காரியமும்தான். பொறுமையாய் வாசியுங்கள்.

1. ஒரே ராத்திரியில் வந்த நிழல்

யோனா தீர்க்கதரிசியை நாம் அறிவோம். நினிவே மனந்திரும்பினது அவனுக்குப் பிடிக்கவில்லை. நகரத்துக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு, என்ன நடக்கும் பார்ப்போம் என்று உட்கார்ந்தான். தேவன் அவன் தலைக்குமேல் ஒரு ஆமணக்குச் செடியை வளரப்பண்ணினார். யோனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரு பூச்சி வந்தது. செடி காய்ந்தது. பிற்பாடு அனல்காற்று அடித்தது, வெயில் உச்சந்தலையில் இறங்கியது. யோனா சோர்ந்துபோய், செத்தால் தேவலை என்றான்.

பிரியமானவர்களே, நம்முடைய வீட்டிலும் ஒரு ஆமணக்கு உண்டு. அது உத்தரத்தில் தொங்கிச் சுற்றுகிறது. சிலர் வீட்டில் அது சுவரில் ஏசியாக இருக்கிறது, சிலர் வீட்டில் மூலையில் தண்ணீர் ஊற்றும் கூலராக இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை அதை நாம் நினைப்பதேயில்லை. கரண்ட் போன அஞ்சாவது நிமிஷம், "ஐயோ ஆண்டவரே!" என்று கூப்பிடுகிறோம். 2012 ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே எத்தனையோ ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லை. இன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் கோடையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டு, லோடு தாங்காமல் டிரான்ஸ்பார்மர் போய்விட்டால், அந்த ராத்திரி நமக்கும் யோனாவின் ராத்திரிதான்.

இந்த இடத்தில் தேவன் யோனாவிடம் பேசினதைக் கவனியுங்கள். வெயிலைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீ பாடுபடாமல் கிடைத்த ஒரு செடிக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாயே, இந்தப் பட்டணத்தில் லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக நான் வருத்தப்படக்கூடாதா என்று கேட்டார். யோனா தன் தலைக்குமேல் இருந்த நிழலைப் பார்த்தான். தேவனோ ஊரைப் பார்த்தார். அந்தக் கேள்வியோடே யோனாவின் புத்தகம் முடிந்துவிடுகிறது. பதிலை நாம்தான் சொல்லவேண்டும்.

2. தறிக்குழியில் இருக்கிறவர்கள்

நம்முடைய ஊரைப் பார்ப்போம். ஆரணிப் பட்டு என்றால் தேசமெங்கும் பெயர். ஆனால் அந்தப் பட்டு எந்த வீட்டில் நெய்யப்படுகிறது என்று கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். காலைக் குழியில் இறக்கி, மிதியை மிதித்து, நாடாவைத் தள்ளி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற சகோதரர் நம் சபையில் எத்தனை பேர்! நெய்தால்தான் கூலி. வெயிலுக்கு லீவு கிடையாது. கரண்ட் போனாலும் கைத்தறி ஓடும். ஆகையால் ஃபேன் நின்ற பிற்பாடும் அவர்கள் எழுந்திருப்பதில்லை. பக்கத்திலே அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தொட்டிலில் குழந்தை. மேலே ஓட்டை எடுத்துவிட்டுப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும். வீடு சந்திக்கப் போகிற நான் அதை அறிவேன்.

மெத்தை வீடு கட்டினவர்களும் தப்பவில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட்டு தளம், ராத்திரியில் அந்தச் சூட்டை வீட்டுக்குள்ளே விடுகிறது. வெளியே கொஞ்சம் காற்றாடினாலும் உள்ளே புழுங்குகிறது. ஃபேன் என்பது காற்றைக் குளிராக்குகிற மிஷின் அல்ல. அது காற்றை அசைக்கிறது, நம்முடைய வேர்வை உலருகிறது, உடம்பு குளிருகிறது. வேர்வைதான் தேவன் நம் சரீரத்தில் வைத்திருக்கிற கூலர். குடிக்கிற தண்ணீர் குறைந்தால் அந்தக் கூலரும் நின்றுபோகும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாய்த் தெரியாது. சர்க்கரை வியாதி, பிரஷர், இருதய வியாதி உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

3. தலை வலிக்கிறது என்ற பிள்ளை

இப்போது சூனேமுக்குப் போவோம். எலிசாவுக்கு மாடியில் ஒரு அறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்துக்கொடுத்த அந்தப் புண்ணியவதிக்குத் தேவன் ஒரு பிள்ளையைத் தந்தார். பிள்ளை வளர்ந்தான். அறுப்புக் காலத்தில் ஒரு நாள் அப்பாவைப் பார்க்க வயலுக்குப் போனான். அங்கே தலை வலிக்கிறது என்று கதறினான். தகப்பன் ஒரு வேலைக்காரனிடம் கொடுத்து, அம்மாவிடம் கொண்டுபோ என்றான். தாயின் மடியில் மத்தியானம் வரை இருந்து, பிள்ளை இறந்துபோனான்.

வியாதியின் பேரை வேதம் சொல்லவில்லை. ஆனால் அறுப்புக் காலம், திறந்த வயல், தலைவலி, மத்தியானத்துக்குள் மரணம் என்று எல்லாம் சேர்ந்து வருவதால், இது வெயிலின் தாக்குதலாய் இருக்கலாம் என்று வேத விளக்கவுரை எழுதின பலர் சொல்லியிருக்கிறார்கள். நாம் "சன் ஸ்ட்ரோக்" என்கிறோமே, அதுதான்.

அந்தத் தாய் கழுதைமேல் ஏறி, கர்மேல் பர்வதத்துக்கு ஓடினாள். எலிசா என்ன செய்தார்? முதலாவது தன் கைத்தடியைக் கேயாசியிடம் கொடுத்து, வழியில் யாரிடமும் நின்று பேசாதே, சீக்கிரம் போய் இதைப் பிள்ளையின் முகத்தில் வை என்று அனுப்பினார். கேயாசி ஓடினான், வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. சத்தமும் இல்லை, உணர்வும் இல்லை.

பிற்பாடு எலிசா தாமே வந்தார். அறைக்குள் போனார். கதவைப் பூட்டி ஜெபித்தார். ஜெபித்ததோடு நிற்கவில்லை. பிள்ளையின் வாயோடு தன் வாயும், கண்ணோடு கண்ணும், கையோடு கையும் படும்படி குனிந்து படுத்தார். எழுந்து வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தார். மறுபடியும் போய்க் குனிந்தார். ஏழு தரம் தும்மிப் பிள்ளை கண்ணைத் திறந்தான். அல்லேலூயா!

தேவனுடைய பிள்ளையே, கவனி. தடியை அனுப்பினபோது நடக்காதது, ஆள் வந்தபோது நடந்தது. இன்றைக்கு நாமும் தடியை அனுப்புகிறோம். "பிரதர், உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று போனில் சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு வசனத்தை அனுப்புகிறோம். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஜெபமில்லாமல் எலிசாவும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் கதவுக்கு வெளியே நின்று ஜெபிக்கவில்லை, உள்ளே வந்து ஜெபித்தார்.

4. மூடின கதவுகள்

இது நம்முடைய தெருவுக்கு மாத்திரம் உள்ள காரியம் அல்ல. பெரிய பெரிய பட்டணங்களும் இந்தப் பாடத்தைக் கண்ணீரோடு படித்திருக்கின்றன. அமெரிக்காவில் சிகாகோ என்ற பட்டணத்தில் 1995 ஜூலையில் வெப்ப அலை வந்தது. வெயில் 41 டிகிரி. அநேக வீடுகளில் கரண்டும் போய்விட்டது. ஒரே வாரத்தில், வழக்கமாய் நடக்கிறதைவிட 739 மரணங்கள் அதிகமாய் நடந்தன. அதில் அநேகர் தனியாய் வாழ்ந்த முதியோர். திருடருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தவர்களும் உண்டு. பணக்கார தேசம், ஆஸ்பத்திரி உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. தட்டுகிறதற்கு ஒரு கை இல்லை.

எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியல் அறிஞர் பிற்பாடு அங்கே போய் ஆராய்ந்தார். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியாய் வாழ்கிற முதியோர் ஏராளம். ஆனால் ஒன்றில் சாவு மற்றதைப்போல் பத்து மடங்கு. காரணம் என்ன? சாவு குறைவான பகுதியில் தெருவில் ஜனநடமாட்டம் இருந்தது, கடைகள் இருந்தன, ஆலயங்கள் இருந்தன, பெரியவர்கள் வெளியே வந்துபோக இடம் இருந்தது. மற்றப் பகுதியில் வீடுகள் காலியாகி, கடைகள் மூடி, தெரு வெறிச்சோடிப் பயம் பிடித்துக்கிடந்தது.

நம் தேசத்திலும் 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரிக்குப் போனது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் அதிகம். அதன்பின் 2013 இல் அந்த நகரம் விழித்துக்கொண்டு, முன்னறிவிப்பு, குடிதண்ணீர், டாக்டர்களுக்குப் பயிற்சி என்று ஒரு திட்டம் போட்டது. நம்முடைய தமிழ்நாட்டிலும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசாங்கம் அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்று ஆணை பிறப்பித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்று உலகம் ஒத்துக்கொண்டது. சபை தூங்கலாமா?

5. ஒரு தாயாரின் சாட்சி

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்துத் தெருவில் ஒரு வயதான தாயார். புருஷன் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார், மகன் வெளியூரில் வேலை. தார் சுற்றித்தான் பிழைப்பு. டிரான்ஸ்பார்மர் பழுதாகி ரெண்டு ராத்திரி கரண்ட் இல்லை. பயந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருக்கிறார்கள். காலையில் குழாயடிக்கு ஆயா வரவில்லையே என்று நம் சபைச் சகோதரி ஒருத்தி கவனித்தாள். குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் தட்டினாள். உள்ளே முனகல். ஆட்களைக் கூப்பிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தால், ஆயாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பேச்சு குழறுகிறது. உடம்பு அடுப்பாய்க் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை.

தூக்கி வேப்பமர நிழலில் கிடத்தினார்கள். கட்டின புடவையோடே தண்ணீரை ஊற்றி, ஆளுக்கொரு விசிறியால் வீசினார்கள். ஒருவர் 108க்குப் போன் போட்டார். எல்லாரும் வாய்விட்டு ஜெபித்தார்கள். நாலாவது நாள் ஆயா வீடு திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சொன்னார்கள்: "கர்த்தர் என் வூட்டுக் கதவைத் தட்டினாரு. இந்தப் பொண்ணு கையால தட்டினாரு."

இதைவிட நல்ல பிரசங்கத்தை நான் செய்ததில்லை. தாகத்தால் களைத்துப்போன தேசத்தில் ஒரு பெரும் பாறையின் நிழல்போல ஒருவர் இருப்பார் என்று ஏசாயா 32:2 முன்னறிவிக்கிறதே, அவர் நம்முடைய இயேசு. அவர் நமக்குத் தலை, நாம் அவருக்குச் சரீரம். தலையின் நிழல் ஊருக்குள் விழவேண்டுமானால் சரீரம் நடந்து போகவேண்டாமா?

6. விசுவாசமும் ஈரத்துணியும்

சிலர் என்னிடம், "பாஸ்டர், ஜெபிக்கிறவங்க ஆஸ்பத்திரிக்குப் போனா அது அவிசுவாசம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். எசேக்கியா ராஜா ஜெபித்தார், தேவன் ஆயுசைக் கூட்டிக்கொடுத்தார். ஆனாலும் அத்திப்பழத்தை அரைத்துப் புண்ணின்மேல் கட்டச் சொன்னதும் அதே ஏசாயாதான் (ஏசாயா 38:21). பவுலோடு பிரயாணம்பண்ணின லூக்கா ஒரு வைத்தியர். சுகம் கொடுக்கிறவர் கர்த்தர், அதில் மாற்றம் இல்லை. ஈரத்துணியும் அவருடையது, டாக்டருடைய கையும் அவருடையது.

ஆகையால் இவைகளைக் கைக்கொள்ளுங்கள்:

வெயிலில் ஒருவர் உளறினால், மயங்கினால், வலிப்பு வந்தால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், காத்திருக்காதிருங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதையும் நனைத்து, விசிறுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் குளிரவைப்பதை நிறுத்தாதிருங்கள். உணர்வில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். எண்ணெய் பூசி ஜெபியுங்கள், அதற்காக ஒரு நிமிஷமும் தாமதிக்கவேண்டாம்.

தாகம் எடுக்கும் முன்னே குடியுங்கள். மண்பானைத் தண்ணீர், நீர்மோர், கஞ்சித்தண்ணீர் போதும். சோர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொடுங்கள். டாக்டர் தண்ணீரையோ உப்பையோ குறைக்கச் சொல்லியிருந்தால் அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கரண்ட் இல்லாத ராத்திரியில் நனைத்த கோணிச் சாக்கை ஜன்னலில் தொங்கவிடுங்கள். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டுக்கொள்ளுங்கள். பனை விசிறியை எடுத்து வையுங்கள். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். காற்று 40 டிகிரிக்கு மேலே போனால் ஃபேன் காற்றும் அனல்தான், அப்போது உடம்பை நனைத்தால்தான் தணியும்.

உபவாசத்தைப்பற்றி ஒரு வார்த்தை. சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்த எலியாவுக்குத் தேவதூதன் கொண்டுவந்தது அடையும் ஒரு ஜாடித் தண்ணீரும்தான். அதற்குப்பின்தான் நாற்பது நாள் நடை. கத்திரி நாட்களில் தண்ணீர்கூட குடிக்காத உபவாசம் வேண்டாம். வியாதியுள்ளவர்களும் பெரியவர்களும் உபவாசிக்கவே வேண்டாம். பகல் உபவாசக் கூட்டத்தை விடியற்காலை ஜெபமாக மாற்றுகிறோம்.

7. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கை

நம் சபைக்கு நான் வைக்கிற வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு வீட்டு ஜெபக்குழுவும் தன் தெருவில் தனியாய் இருக்கிற பெரியவர்கள், படுக்கையில் இருக்கிறவர்கள், பிள்ளைபெற்ற தாய்மார் யார் யார் என்று எழுதி வையுங்கள். நம் சபையார் மாத்திரம் அல்ல, எந்த மார்க்கத்தாராயிருந்தாலும் எழுதுங்கள். நினிவேயில் யோனாவின் ஜனம் இல்லையே, தேவன் பரிதபித்தாரே! கரண்ட் போனால் மத்தியானம் ஒரு தரம், படுக்கப்போகும் முன் ஒரு தரம், விடிந்ததும் ஒரு தரம் யாராவது போய்த் தட்டவேண்டும். பதில் வரும்வரை திரும்பாதிருங்கள். வாலிபப் பிள்ளைகள் இதை எடுத்துச் செய்யட்டும். ஆலயக் கதவு பகல் முழுவதும் திறந்திருக்கும். வேப்பமரத்தடியில் பாயும் பானையும் இருக்கும். தறியை விட்டு ஒரு மணி நேரம் வந்து படுத்துப் போங்கள், ஒருவரும் உங்களைப் பிரசங்கம் கேட்கச் சொல்லமாட்டோம்!

கடைசியாக ஒரு மனுஷனை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். லூக்கா 16 ஆம் அதிகாரத்தின் ஐசுவரியவான், நாக்கைக் குளிரவைக்க விரல்நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டான், கிடைக்கவில்லை. அவன் கொலை செய்தான், திருடினான் என்று இயேசு சொல்லவில்லை. அவன் வாசலில் ஒருவன் கிடந்தான், அவ்வளவுதான். அவன் தன் வாசலைத் திறந்து பார்க்கவேண்டிய நாள் ஒன்று இருந்தது. அந்த நாள் போய்விட்டது. நமக்கோ அந்த நாள் இன்னும் இருக்கிறது.

சமாரியாவில் மத்தியான வெயிலில் களைத்து, கிணற்றோரம் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டவர் நம் ஆண்டவர். சிலுவையில் தாகத்தால் நாவறண்டவரும் அவரே. நமக்கு ஜீவதண்ணீரைக் கொடுக்கவே அந்தத் தாகத்தை ஏற்றார். இதுவரை அவரை அறியாமல் இதை வாசிக்கிற நண்பரே, ஒருநாளும் வாடாத நிழல் அவரிடத்தில் உண்டு, இன்றே வாரும். அறிந்தவர்களே, அவர் இப்போதும் தாகமாயிருக்கிறார், ஒரு ஷீட்டு வீட்டுக்குள்ளே, தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னாலே.

ஜெபிப்போமா? அன்பின் பரம தகப்பனே, எங்கள் நிழல் காய்ந்துபோகும் வேளையில் முறுமுறுக்காமல், அயலானை நினைக்கிற இருதயத்தைத் தாரும். தறியில் இருக்கிறவர்களையும், கட்டிலில் கிடக்கிறவர்களையும், வயலிலும் சூளையிலும் வேலை செய்கிறவர்களையும் காத்துக்கொள்ளும். கரண்டைச் சரிபார்க்கக் கம்பத்தில் ஏறுகிற எங்கள் சகோதரரையும் பத்திரமாய் இறக்கும். ஏற்ற காலத்தில் மழையைத் தாரும். எங்கள் கைகளை உம்முடைய கைகளாக்கும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்,
முள்ளிப்பட்டு சபை ஊழியன்